வேறு வண்டியின் வீலை மாட்டும் முன்

பழைய ஸ்பேர் கடையில் பைக்குக்கான அலாய் வீல் பளபளத்தால் உடனே காசை நீட்டாதீர்கள். முதலில் பேரிங் நம்பரைப் பாருங்கள். 6202 என்றால் துளை 15 மி.மீ.; உங்கள் ஆக்சில் (வீலின் நடுவே போகும் தண்டு) 17 என்றால் நுழையாது. ஹப்பை, அதாவது பேரிங் உட்காரும் வீலின் நடுப்பகுதியை, லேத்தில் கடைந்து பெரிதாக்கலாம் என்பார்கள், வேண்டவே வேண்டாம். 6003 பேரிங் போடுங்கள்: துளை 17, வெளிவிட்டம் அதே 35. அகலம் மட்டும் 1 மி.மீ. குறைவு, பேரிங்குக்கு வெளியே ஆக்சிலில் வரும் ஸ்பேசர் வளையத்தில் அதை ஈடுகட்டுங்கள். இரண்டு பேரிங்குக்கும் இடையே இருக்கும் நடு ஸ்பேசர் குழாயையும் 17 துளையில், அதே நீளத்தில் லேத்தில் போட வேண்டும். நீளம் குறைந்தால் நட்டை முடுக்கும்போதே பேரிங் நெரிபடும். 6003 சுமை தாங்குவதும் குறைவுதான், அதனால் முன் வீலோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம் டிரம் பிளேட், அதாவது பிரேக் ஷூக்களைத் தாங்கும் தட்டு. அதன் பள்ளத்தில், முன் ஃபோர்க்கில் துருத்திக்கொண்டிருக்கும் முனை கச்சிதமாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சுற்றி, வீல் இறுகிவிடும். அப்படிப்பட்ட வீலை எத்தனை மலிவென்றாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.