பூர்வகுடிப் பெண்களுக்கான சிறைத் திட்டங்கள்: எங்கே சறுக்குகின்றன?

ஆஸ்திரேலியாவின் பெண் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பூர்வகுடிப் பெண்கள். நாட்டின் மக்கள்தொகையில் அந்தச் சமூகங்களின் பங்கோ நூற்றுக்கு நான்குகூட இல்லை. இவர்களுக்கென்று மறுவாழ்வுத் திட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பல திட்டங்கள், நீண்ட தண்டனை பெற்ற, வெளியே ஒரு வீடும் காத்திருக்கிற கைதியை மனதில் வைத்துப் போடப்பட்டவை. உள்ளே இருக்கிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

முதல் சறுக்கல் காலக்கணக்கில். பலர் ஜாமீன் கிடைக்காமல் ரிமாண்டில் இருப்பவர்கள். அல்லது சின்னக் குற்றத்துக்காகச் சில வாரம், சில மாதம் உள்ளே வந்துபோகிறவர்கள். வகுப்போ மாதக்கணக்கில் ஓடும், அதுவும் பெரும்பாலும் தண்டனை பெற்றவர்களுக்குத்தான். பெயர் பதிந்து முறை வருவதற்குள் ஆள் வெளியே போயிருப்பார். ரிமாண்ட் கைதிகளுக்கும் குறுகிய தண்டனைக்காரர்களுக்கும் திட்டங்கள் வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் அறிக்கை 2018-லேயே சொல்லிவிட்டது. பெண்களுக்கான திட்டங்களைப் பூர்வகுடிப் பெண்களோடு சேர்ந்தே வகுக்க வேண்டும், அவர்களே நடத்த வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. நடப்பில் என்ன ஆகிறது? எல்லாம் முடிவான பிறகு, ஒப்புக்கு ஒரு மூத்த பெண்மணியை அழைத்து வாழ்த்துரை வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, அடிப்படையை விட்டுவிட்டு அலங்காரத்தில் இறங்குவது. 2020 ஜனவரியில் மெல்பர்னின் டேம் ஃபிலிஸ் ஃப்ராஸ்ட் பெண்கள் சிறையில் வெரோனிகா நெல்சன் என்ற பூர்வகுடிப் பெண் இறந்தார். கடைத்திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டு, ஜாமீன் மறுக்கப்பட்டவர். அறையிலிருந்த இன்டர்காமில் திரும்பத் திரும்ப உதவி கேட்டிருக்கிறார். தடுத்திருக்கக்கூடிய சாவு என்று 2023-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். கூப்பிட்டால் டாக்டர் வராத இடத்தில், பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் ஜூலை மாத நெய்டாக் வாரத்துக்கு மட்டும் சுவரில் ஓவியம் வரைந்துவிட்டு அதைக் கலாசார ஆதரவு என்று சொல்வது அபத்தம்.

அதற்காக ஓவியமே வீண் என்றில்லை. விக்டோரியா மாநிலத்தில் ‘தி டார்ச்’ என்ற அமைப்பு பூர்வகுடிக் கைதிகளுக்குக் கலை வழியாகத் தங்கள் மரபைத் தேட உதவுகிறது. படம் விற்றால் விலை முழுவதும் வரைந்தவருக்கே. பொழுதுபோக்கு வகுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பணத்தில் தெரியும்.

எல்லாப் பூர்வகுடியினரையும் ஒரே சமூகமாக நினைப்பதும் தவறுதான். ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கே 250-க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. நாட்டின் வடகோடித் தீவுகளைச் சேர்ந்த டோரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள கிம்பர்லிப் பெண் ஒருவரை 2,000 கிலோமீட்டர் தள்ளி பெர்த்தின் பேண்டியப் பெண்கள் சிறையில் அடைத்துவிட்டு, அங்கே அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் சடங்கில் உட்காரவைத்தால் அவருக்கு அது வேற்றூர்தான். 2012-ல் கிம்பர்லியிலேயே உள்ள டெர்பி ஊரில் திறந்த மேற்கு கிம்பர்லி சிறையில் வேறு விதமாக யோசித்தார்கள். வரிசை அறைகளுக்குப் பதில் சிறு வீடுகள்; உறவும் மொழியும் பார்த்து ஆட்களை ஒன்றாக வைப்பது; சமையல் அவர்களே. பெண்களுக்குத் தனிப் பகுதியும் உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இந்தப் பெண்களில் சுமார் 80 சதவீதம் பேர் தாய்மார்கள், பெரும்பாலோர் அடி உதை பட்டவர்கள். சேர்ந்த முதல் நாளே படிவத்தை நீட்டி, “வீட்டில் வன்முறை உண்டா?” என்று கேட்டால் உண்மை வராது. சொன்னால் பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற பயம். பல தலைமுறைகளாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகத்துக்கு அந்தப் பயம் இருக்கத்தானே செய்யும்? முதலில் பிள்ளைகளோடு தொடர்ந்து பேச வழி செய்து கொடுங்கள். கேள்வியெல்லாம் அப்புறம், அதுவும் அவர் நம்பும் ஒருவர் கேட்கட்டும்.

கடைசியாக, வாசலோடு கைகழுவுவது. தங்க இடம் காட்ட முடியாவிட்டால் பரோல் கிடைப்பது கடினம். வெளியே வந்தாலும், வீடில்லாத தாயிடம் பிள்ளைகளைத் திருப்பித் தர மாட்டார்கள். பிள்ளைகள் தன்னோடு இல்லாவிட்டால் பெரிய வீடு கிடைப்பதும் கஷ்டம். இந்தச் சுற்றிலிருந்து வெளிவர உதவும் ஆள் சிறைக்குள்ளேயே அவரோடு பழகத் தொடங்கி, விடுதலைக்குப் பிறகும் கூடவே இருக்க வேண்டும். திட்டத்துக்கான பணத்தை ஒதுக்கும்போதே அந்த வெளி மாதங்களுக்கான சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் சேர்த்துவிடுங்கள்.