யீ 2-இல் டிபக் லாக்: பெயர் ஒன்று, லெவல் வேறொன்று

யீ 2 என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய ஒரு பில்லிங் ஆப்பில் வரிக்கணக்கு ஒரு ரூபாய் உதைத்தது. சந்தேகப்பட்ட இடத்தில், லாக்கில் செய்தி எழுதும் 'யீ::டிபக்' போட்டேன். லாக் ஃபைலில் ஒரு வரிகூட விழவில்லை. அதில் போனது ஒரு மதியம்.

யீ தரும் தொடக்க ஆப்பான பேசிக் டெம்ப்ளேட் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கோடு சொற்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் 'வெப்' ஃபோல்டரின் இண்டெக்ஸ் ஃபைலில் 'யீ_டிபக்' ட்ரூவாக இருக்கிறதா பாருங்கள். ஃபால்ஸ் என்றால் 'யீ::டிபக்' சத்தமே போடாமல் திரும்பிவிடும்.

அடுத்து 'கான்ஃபிக்' ஃபோல்டரின் வெப் ஃபைலில் 'லாக்' பகுதி. அங்கே, எந்த வகைச் செய்தியை எழுதலாம் என்று சொல்லும் லெவல்ஸில் 'எரர்', 'வார்னிங்' இரண்டு மட்டும்தான் இருக்கும். நான் விழுந்த குழி இதுதான்: ஃபங்ஷன் பெயர் டிபக் ஆயிற்றே என்று லெவல்ஸில் 'டிபக்' சேர்த்தேன். அப்படி ஒரு லெவலே இல்லை என்று எக்ஸப்ஷன் வந்தது. பழைய 'யீ::ட்ரேஸ்'தான் 2.0.14-இல் 'யீ::டிபக்' ஆனது. லெவலின் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஆக, லெவல்ஸில் எழுத வேண்டியது 'ட்ரேஸ்'.

எழுதியதும் ஃப்ரேம்வொர்க்கின் சொந்தப் புலம்பலும் சேர்ந்து கொட்டும். அதனால் இருக்கும் டார்கெட்டை (லாக் போய்ச் சேரும் இடம்) தொடாமல், இன்னொரு 'ஃபைல்டார்கெட்' சேருங்கள்: லெவல்ஸில் 'ட்ரேஸ்', கேட்டகரீஸில் 'ஆப்\*', லாக்ஃபைலுக்குத் தனிப் பெயர். 'யீ::டிபக்'கின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக '__மெத்தட்__' கொடுக்க மறக்காதீர்கள். விட்டால் கேட்டகரி 'அப்ளிகேஷன்' ஆகி, இந்த வடிகட்டியில் சிக்காது.

அதே புது டார்கெட்டில் 'லாக்வார்ஸ்' என்பதற்குக் காலி அரே கொடுங்கள். இல்லையென்றால் குக்கி, செஷன், சர்வர் விவரம் எல்லாம் கூடவே வந்து உங்கள் ஒற்றை வரியை மூழ்கடிக்கும்.

'லாக்' பகுதியின் 'ட்ரேஸ்லெவல்' (மேலே சொன்ன லெவல்ஸ் வேறு, இது வேறு) 3 இருக்கட்டும். எந்த ஃபைல், எந்த வரி என்று செய்திக்குக் கீழே வரும். என் ஒரு ரூபாய் அப்படித்தான் அகப்பட்டது: ரவுண்டு செய்யும் ஃபங்ஷனை இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருந்தேன்.

டிபக் டூல்பார் பலருக்குப் பிடிக்கும். எனக்கு டெர்மினலில், ஃபைலில் புதிதாக விழும் வரிகளை உடனுக்குடன் காட்டும் 'டெயில் -எஃப்' போதும்.

பிற்சேர்க்கை: கன்சோல் கமாண்டில் லாக் உடனே வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். செய்திகள் 1000 சேர்ந்த பிறகோ, கமாண்ட் முடியும்போதோதான் ஃபைலுக்குப் போகும். 'லாக்' பகுதியின் 'ஃப்ளஷ்இன்டர்வல்', டார்கெட்டின் 'எக்ஸ்போர்ட்இன்டர்வல்' இரண்டையும் 1 ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வேலைக்காகாது. கன்சோலுக்குத் தனி கான்ஃபிக் ஃபைல், மாற்ற வேண்டியது அதில்.