நாட்டார் கதையைத் திகில் கேமாக்குவது எப்படி?

ஒரு வட்டாரத்தின் பேய்க்கதையை வைத்து வீடியோ கேம் உருவாக்க விரும்புவோர் பெரும்பாலும் பேயின் உருவத்தை வரைவதிலிருந்தே தொடங்குகிறார்கள். அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, எதைச் செய்யக்கூடாது என்று அந்தக் கதை சொல்கிறது என்பதை முதலில் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். கேமும் விதிகளால் ஆனது என்பதால், கதையின் தடை அதில் எளிதாகப் பொருந்திவிடும்.

தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017-இல் வெளியிட்ட டிடென்ஷன் இதற்கு நல்ல பாடம். 1960-களில், ராணுவச் சட்டம் நடப்பிலிருந்த காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கும் அந்தக் கேமில், எதிர்ப்படும் ஆவியோடு சண்டையிட ஆயுதம் கிடையாது; மூச்சை அடக்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நடந்து கடக்க வேண்டும், மூச்சையும் வெகுநேரம் அடக்க முடியாது. சுவீடனின் சிமோகோ 2013-இல் வெளியிட்ட இயர் வாக், வருங்காலத்தை அறிய விரும்புபவர் உண்ணாமல் இருட்டறையில் இருந்துவிட்டு நள்ளிரவில் தேவாலயத்துக்கு நடந்து செல்லும் பழைய வழக்கத்தையே தன் பாதையாக்கிக்கொண்டது.

வங்காளத்துப் பேயான நிசியை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். நிசி இரவில் தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லி அழைக்கும், ஆனால் இருமுறைக்கு மேல் அழைக்காது. ஆகவே மூன்றாம் அழைப்பு வரும்வரை பதில் சொல்லக்கூடாது என்பார்கள். இதற்கு ஒரு வீடும், ஓர் இரவும், கதவைத் திறக்கும் ஒரு பொத்தானும் போதும். விதியைத் திரையில் எழுத்தாகக் காட்டாதீர்கள். மாலை வேளையில் பக்கத்து வீட்டுக்காரர் பாட்டியை அழைக்கட்டும். இரண்டு முறை வாய் திறக்காமல் இருந்த பாட்டி, மூன்றாம் முறை மட்டும் "இதோ வருகிறேன்" என்று எழுந்து போகட்டும்.

இரவில் வாசலிலிருந்து அம்மாவின் குரல் இருமுறை கேட்கிறது. அதன் பிறகு வரும் அமைதிதான் உங்கள் கேம். அதன் நீளத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்: ஒருமுறை நான்கு நொடி, இன்னொரு முறை இருபது. எப்போதும் நிசியே அழைத்தால் ஆட்டக்காரர் கதவைத் திறக்காமலே இரவை ஓட்டிவிடுவார் என்பதால், சில முறை அம்மாவே வந்து நிற்க வேண்டும். மூன்றாம் அழைப்புக்கும் கதவு திறக்காவிட்டால், காய்ச்சலில் கிடக்கும் தம்பிக்கு அவள் கொண்டுவந்த மருந்து கிடைக்காமல் போக வேண்டும். கூர்ந்து கேட்பவருக்கு ஒரு தடயமும் வையுங்கள்: அம்மா கதவைத் தட்டக் கையைத் தூக்கும்போது சங்கு வளையல்கள் மெல்ல உரசிக்கொள்ளும், நிசியின் அழைப்பில் அந்த ஓசை இருக்காது.

ஒலிக்குப் படத்தைவிட அதிக நாள் ஒதுக்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒரே பூச்சிச் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். பயமும் அதோடு போய்விடும். பூச்சி ஒலியை 37 நொடிக்கும் காற்றொலியை 53 நொடிக்கும் வெட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், இரண்டும் முதலில் தொடங்கிய அதே நிலைக்குத் திரும்ப 1,961 நொடிகள், அதாவது 32 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அழைப்பு வருவதற்குச் சற்று முன் பூச்சிகள் மட்டும் ஓய்ந்துவிடட்டும். ஆனால் அதையும் ஒவ்வொரு முறையும் செய்யாதீர்கள். செய்தால் அதுவே எச்சரிக்கை மணியாகிவிடும்.

படத்துக்குப் பெரும் செலவு தேவையில்லை. சுவிட்சர்லாந்து மலைக் கதைகளிலிருந்து பிறந்து 2021-இல் வெளியான முண்டவுன் என்ற கேம், கையால் பென்சிலில் வரைந்த படங்களாலேயே தன் உலகத்தைக் கட்டியது.

முடிந்ததும், நிசியைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவரிடம் கேமைக் கொடுத்து, திரையைப் பார்க்காமல் அவர் விரலைப் பாருங்கள். இரண்டாம் அழைப்புக்குப் பின் விரல் பொத்தான்வரை போய் நின்றுவிட்டால் அந்தக் காட்சியில் கை வைக்காதீர்கள்; தயங்காமல் அழுத்திவிட்டால், பாட்டியின் காட்சிக்குத் திரும்பிப் போய் அவள் மௌனத்தை இன்னும் சற்று நீட்டுங்கள்.