பித்துப் பிடித்தவனின் காதலை எழுதுவது எப்படி

டார்க் ரொமான்ஸ், அதாவது பித்தும் பயமும் கலந்த காதல் கதை, எழுத ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, நாயகனை எவ்வளவு கொடியவனாகக் காட்டலாம் என்றுதான். அவர்களிடம் நான் கேட்பது வேறு: அவளைப் பற்றி அவனுக்கு என்னென்ன தெரியாது? இதற்குப் பதில் கையில் இல்லாமல் முதல் அத்தியாயத்தைத் தொடங்க வேண்டாம்.

இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் மணப்பெண் அலங்காரம் செய்வது என் தொழில். இரவில் தொடர்கதை எழுதுகிறேன். கண்ணாடிக்கு முன்னால் உட்காரும் முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதியான எண்ணம் ஒன்று உண்டு. ஒருத்தி மேல் பித்தாக அலைகிறவன், அவள் பக்கத்தில் தான் எப்படித் தெரிகிறேன் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளைப் பார்ப்பது குறைவு. கதையின் பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. அடியிலும் மிரட்டலிலும் அதைத் தேடினால் மூன்றாவது அத்தியாயத்தில் எழுத ஒன்றும் மிஞ்சாது.

ஒரு உதாரணம் தருகிறேன். கல்முனையில் நகைக்கடை வைத்திருப்பவன் ஒருவன். கதையை அவனே சொல்கிறான். அவளுக்கு மாதம் ஒரு சோடி ஜிமிக்கி அனுப்புகிறான். "அவள் முகம் எனக்கு மனப்பாடம்" என்கிறான். அவளுடைய இடது காதுத் துளையோ சின்ன வயதில் இழுபட்டுக் கிழிந்தது. முடியால் மறைத்துக்கொள்கிறாள், பாரமான எதையும் தொங்கவிட மாட்டாள். இது அவனுக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரிய வேண்டும். எப்படித் தெரிவிப்பது? இரண்டு அத்தியாயம் முன்னாடியே, அவன் கடை வாசலில் நின்று ஒட்டுக்கேட்கும் இடத்தில், அவள் தங்கை சொல்லட்டும்: "அக்கா, அந்தக் காதில பாரமாப் போடாத கா, மறுகா கிழியும்." அதை அவனே எழுதினாலும் அவன் மனதில் அக்கா என்ற சொல் மட்டும்தான் பதிகிறது, அவள் உள்ளே இருக்கிறாள் என்ற பரபரப்பில் தலைமுடியைச் சரிசெய்கிறான். அப்புறம் ஒரு நாள், "நான் கொடுத்ததை அவள் போடவேயில்லை, திமிர்" என்று எழுதுகிறான். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு மூச்சு விடுவார்.

இப்படி அவனுக்குத் தெரியாதவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவள் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறாள், எந்தச் சாமான் வாசத்துக்கு வயிறு குமட்டும், யாரை நினைத்து அழுவாள். ஒவ்வொன்றும் ஒரு காட்சி.

அடுத்தது வீடு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. பெரிய மாளிகை, பூட்டிய அறை, அதில் அடைபட்ட பெண் என்று நம் பிள்ளைகள் எழுதுவது எனக்கு ஒட்டுவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. கல்யாணம் முடிந்து வந்து குடியிருப்பவன் ஆண். தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் இதுதான் வழக்கம். உறுதிப் பத்திரம் அவள் பெயரில் இருக்கிற வீட்டில், தன் அழகிலும் பணத்திலும் பெருமை கொண்ட ஒருவன் எப்படி வாழ்வான்? அவன் தினமும் கூசுவான். அந்தக் கூச்சத்தை எழுதுங்கள். அவன் கதவைப் பூட்டமாட்டான். முதலில் மாமிக்கு மரியாதையாக, "உங்களுக்குப் பின்வளவு வீடுதான் காத்தோட்டம், மாமி" என்பான். பிறகு அவள் தங்கை வீட்டுக்குப் போகிற வேலிக் கடப்பை, அந்தச் சின்ன வழியை, அடைத்து மதில் கட்டுவான், பாதுகாப்புக்கு என்பான். ஊரே அவனைக் கெட்டிக்கார மருமகன் என்று மெச்சும். சங்கிலியை விட அந்த மதில் பயமாக இருக்கும்.

அவளிடம் போன் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 நம் நாட்டில் இருக்கிறது. அவள் ஏன் அழைக்கவில்லை, அல்லது அழைத்தால் என்ன ஆகும், இரண்டில் ஒன்றுக்குக் கதை பதில் சொல்ல வேண்டும்.

மருந்து, மந்திரம் பற்றியும் கேட்பார்கள். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லும் பேச்சு எல்லாருக்கும் தெரியும். தாராளமாகக் கதையில் வையுங்கள், ஆனால் அது யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அவன் தாய் சொல்லட்டும்: "என்ட மகனுக்கு அவள் என்னத்தையோ குடுத்திட்டாள்." அவன் பித்துக்கு அவள் பழி சுமக்கிறாள். வசியம் உண்மையிலேயே பலித்தது என்று நீங்கள் எழுதிவிட்டால் அவன் தப்பிவிடுவான்.

அவளையும் வெள்ளைப் பூவாக வைக்காதீர்கள். என் நாற்காலியில் உட்காரும் மணப்பெண்களில் பலர் கேட்பது, "மாப்பிள்ளைக்குப் பக்கத்தில கறுப்பாத் தெரிவனா அக்கா?" ஊரும் உறவும் சின்ன வயதிலிருந்து ஊட்டிய பயம் அது. அந்தப் பயத்தோடு வளர்ந்தவளை ஒருவன் கண் இமைக்காமல் பார்த்தால் அவளுக்குப் பிடிக்கும். அந்தப் பிடித்தலை எழுத வெட்கப்படாதீர்கள். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டுவிட்டு, அவன் பார்த்தானா என்று அவளும் திறந்து திறந்து பார்க்கட்டும். அவனுடைய பெருமையும் அவளுடைய பசியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் அது காதல் கதை. இல்லாவிட்டால் வெறும் பொலிஸ் முறைப்பாடு.

பின்னணிக்குப் பனியும் மூடுபனியும் வேண்டாம். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று போதும்: உதடு வெடிக்கும், பூசிய பவுடர் திட்டாகும், வீட்டில் எல்லாருக்கும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை விட்டுவிடுங்கள், அதைக் கவிஞர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள்.

பாத்திரங்கள் 18 வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். முதல் அத்தியாயத்துக்கு மேலே, உள்ளே என்ன வன்முறை வருகிறது என்று இரண்டு வரி போடுங்கள். அதையே அனுபவித்தவள் ஒருத்தி வாசிக்க வரலாம்.

முடிவில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். அவன் ஒரு தடவை அழுகிறான், அவள் மன்னிக்கிறாள், முடிந்தது. வைகாசியில் நம் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் குளிர்த்திச் சடங்கை நினையுங்கள். அங்கே கோபம் கொண்டவளைத்தான் குளிர்விக்கிறார்கள், அதற்கே பல நாள் சடங்கு. உங்கள் நாயகியின் கோபத்துக்கும் அவ்வளவு இடம் கொடுங்கள். கடைசி அத்தியாயத்தை அவனிடமிருந்து வாங்கி அவள் குரலில் எழுதுங்கள். கதை முழுக்க அவன் வர்ணித்த நாள்களில் ஒன்றை எடுத்து, அன்று உண்மையில் என்ன நடந்தது என்று அவள் சொல்லட்டும். அவள் அவனோடு இருப்பாளா, மதிலை இடிப்பாளா என்பதை அதை எழுதி முடித்த பிறகு தீர்மானியுங்கள்.