டெசர்ட்: பாலைவனமா, கைவிடுவதா? அழுத்தம் போடப் பழகுவது எப்படி

டி, இ, எஸ், இ, ஆர், டி. இந்த ஆறெழுத்துச் சொல்லின் முதல் அசையை அழுத்தினால் பாலைவனம்; இரண்டாம் அசையை அழுத்தினால் கைவிட்டு ஓடுதல். தமிழில் படு, பாடு, பட்டு என்று நெடிலும் இரட்டிப்பும் பொருளை மாற்றும், அழுத்தம் மாற்றாது. அதனால் நம் காது அதைத் தேடுவதில்லை. இரண்டையும் 'டெசர்ட்டு' என்றே சொல்லிவிடுகிறோம்.

முதலில் நடுவிலுள்ள எஸ். இது சீறும் ஒலி கிடையாது, வண்டின் ரீங்காரம். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லுங்கள், அதிர வேண்டும். கீழே இந்தச் சொல்லின் நடுவில் 'ஸ' என்று எழுதுவதெல்லாம் இந்த ஒலிதான்.

அடுத்து பாலைவனம்: டெ–ஸட். 'டெ'யைக் குரல் உயர்த்திச் சற்றே நீட்டுங்கள். 'ஸட்' பாதி விழுங்கியதுபோல் வரட்டும்; அதிலுள்ள உயிர் முழு 'அ' இல்லை, வாயை லேசாகத் திறந்தாலே வரும் மங்கலான 'அ'. பெரும்பாலோர் தடுக்குவது இங்கேதான். 'டெ'யைச் சத்தமாகச் சொல்வார்கள், 'ஸட்'டைச் சுருக்க மாட்டார்கள். சுருக்காவிட்டால், எவ்வளவு கத்தினாலும் அழுத்தம் கேட்காது.

கைவிடுதலுக்கு: டி–ஸஅர்ட். 'டெ' வேண்டாம், குட்டி 'டி' போதும். நீட்டல் முழுவதும் இரண்டாம் அசைக்கு. ஒரு ரப்பர் பேண்டை இரு கட்டைவிரல்களில் மாட்டி, அழுத்தும் அசையில் மட்டும் இழுத்தபடி ஒவ்வொன்றையும் பத்து முறை சொல்லுங்கள். கடைசியில் 'டு' போட்டால் மூன்றாவது அசை முளைத்துத் தாளம் கெடும். நாக்கை 'ட்'டிலேயே நிறுத்துங்கள்.

பிறகு 'த சோல்ஜர் டிஸஅர்ட்டட் ஹிஸ் போஸ்ட் இன் த டெஸட்' என்று சொல்லி ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஒலித்தால் ரப்பர் பேண்டுக்கே திரும்புங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பைக் குறிக்கும் சொல்லுக்கு எஸ் இரண்டு. உச்சரிப்போ கைவிடுதலுக்கு உள்ளதே. சாப்பிட்டபின் மேசையிலுள்ளதை அகற்றுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. 'தக்க பலன்' என்னும் பொருளில் வரும் 'ஜஸ்ட் டிஸஅர்ட்ஸ்' அப்படியே ஒலிக்கும், ஆனால் எஸ் ஒன்றுதான். ஆங்கிலேயர்களே அதில் இரண்டு போட்டுவிடுவதுண்டு.

ரெக்கார்ட், ஆப்ஜெக்ட், பர்மிட் மூன்றும் பெயருக்கு முதல் அசை, வினைக்கு இரண்டாம் அசை என்றே போகும். இதை எல்லாவற்றுக்கும் விதியாக்கிவிட வேண்டாம்: ரிப்போர்ட் இரண்டிலும் இரண்டாம் அசை, விசிட் இரண்டிலும் முதல் அசை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில், அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் மேல்பக்கம் ஒரு சிறு கோடு இருக்கும். புதுச் சொல் எதுவானாலும் முதலில் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.