கொலம்போவின் கசங்கிய கோட்டும், கதாபாத்திரம் எழுதுவோர் செய்யும் தவறுகளும்

குறும்படத்துக்கோ வெப் சீரிஸுக்கோ எழுத உட்காரும் பலர், முதல் வேலையாக நாயகனுக்கு ஒரு வினோதப் பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்நேரமும் சூயிங்கம் மெல்லுவான், இரவிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான் என்று. அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நகர்கிறதா? அப்படியென்றால் அது வெறும் ஒப்பனை.

இதை எனக்குப் புரியவைத்த தொடர் 'கொலம்போ'. ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் உருவாக்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் லெப்டினன்ட். நடித்தவர் பீட்டர் ஃபால்க். அமெரிக்காவில் 1971 முதல் 1978 வரை என்பிசி தொலைக்காட்சியிலும், 1989 முதல் 2003 வரை ஏபிசி தொலைக்காட்சியிலும் வந்தது.

கசங்கிய மழைக்கோட்டு, கையில் சுருட்டு, ஓட்டை பெஜோ 403 கார். கொலம்போவுக்கும் வினோதங்கள் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கதையில் வேலை இருக்கிறது. மாளிகையில் வாழும் கொலையாளி இந்த ஆளைப் பார்த்ததும், 'இவனா என்னைப் பிடிக்கப்போகிறான்' என்று அசட்டையாகிவிடுகிறான். பேச வேண்டியதற்கு மேல் பேசுகிறான். கேள்விகள் முடிந்து கொலம்போ கிளம்ப, அவன் மூச்சு விடுகிறான். அப்போதுதான் அவர் கதவருகே திரும்பி, "இன்னும் ஒரே ஒரு விஷயம் சார்" என்பார். இந்த வரி வந்த விதத்தை லிங்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார்: காட்சி சின்னதாகப் போய்விட்டது, கொலம்போவோ ஏற்கெனவே வெளியேறிவிட்டார், திரும்ப டைப் அடிக்கச் சோம்பல், அதனால் அவரையே திரும்பி வரவைத்தார்கள். எழுதும் காட்சிக்குள்ளிருந்து கிடைத்த பழக்கம் அது. முன்கூட்டியே பட்டியல் போட்டிருந்தால் கிடைத்திருக்காது.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பது. கொலம்போ வாய் ஓயாமல் மனைவியைப் பற்றிப் பேசுவார். அந்தத் தொடரில் அந்த மனைவியை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. 1979இல் 'மிஸஸ் கொலம்போ' என்று தனித் தொடரே எடுத்தார்கள்; 1980இல் நின்றுபோனது. நாம் மனதுக்குள் வரைந்து வைத்திருந்த பெண்ணோடு எந்த நடிகையாலும் போட்டி போட முடியாது என்றே நினைக்கிறேன். நாயகன் கடைசியில் மாறியே ஆகவேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். கொலம்போ மாறவே இல்லை. அவருக்கு எதிரே உட்காரும் ஆள்தான் கதைக்குக் கதை மாறினார்.

அந்த எதிராளியைச் சோப்ளாங்கியாக எழுதுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கொரியப் போர்க்கள ராணுவ மருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' தொடரில், டாக்டர் ஃபிராங்க் பர்ன்ஸ் ஐந்து சீசன்களுக்கு கேலிப்பொருளாகவே இருந்தார். எந்தக் காட்சியிலும் அவர் தோற்பார் என்று முன்கூட்டியே தெரியும். 1977இல் அவர் இடத்துக்கு சார்ல்ஸ் வின்செஸ்டர் வந்தார். தலைக்கனம் பிடித்தவர்தான், ஆனால் கைதேர்ந்த சர்ஜன், இசைப் பித்தர். அப்புறம் நாயகன் ஹாக்ஐ ஒவ்வொரு வாதத்துக்கும் உழைக்க வேண்டியதாயிற்று.

கொலம்போவில் இது இன்னும் கடினம். கொலை செய்தது யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். ஆகவே பாதிக் கதையைத் தாங்குவது கொலையாளி. 1973இல் வந்த ஒயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயின் தயாரிப்பாளர் ஏட்ரியன் கார்சினியாக நடித்தவர் டொனால்ட் பிளெசன்ஸ். திராட்சைத் தோட்டத்தை விற்கப்போவதாகத் தம்பி சொன்னதும் ஆத்திரத்தில் அடித்துவிடுகிறார். பிறகு அவனை ஒயின் கிடங்கில் கட்டிப்போட்டு, ஏசியை நிறுத்திவிட்டு வெளியூர் போகிறார்; தம்பி மூச்சுத்திணறிச் சாகிறான். அந்த வாரம் கடும் வெயில். கிடங்கிலிருந்த ஒயின் சூட்டில் கெட்டுப்போகிறது, அது அவருக்கே தெரியாது. கொலம்போ ஒயினைப் பற்றி உட்கார்ந்து படிக்கிறார். அந்தக் கிடங்கிலிருந்து எடுத்த ஒரு பாட்டிலையே, எதுவும் சொல்லாமல், விருந்தில் அவருக்குப் பரிமாற வைக்கிறார். ஒரு வாய் குடித்ததுமே கார்சினி கொதித்தெழுகிறார்: இது சூடுபட்டுக் கெட்ட ஒயின்! கிடங்கில் ஏசி நிறுத்தப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. மேசையில் வேறு யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அவர் வாழ்நாள் முழுக்க வளர்த்த நாக்கே அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் கொலம்போ காரை நிறுத்தி, ஒரு பாட்டிலைத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றுகிறார். கார்சினி லேபிளைப் பார்த்து, நல்ல தேர்வு என்று பாராட்டுகிறார்.