களைக்கொல்லி வாங்கும் முன் களையைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் செம்மண்ணில் கடலை போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. விதைத்த 3 நாளுக்குள் அடிக்கும் பெண்டிமெத்தலின், முளைவிடும் களையின் செல் பிரிவதைத் தடுக்கிறது. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும்; காய்ந்த நிலத்தில் அடித்தால் காசுதான் தண்டம். களை வளர்ந்த பிறகு அது உதவாது.

புல் தலைகாட்டிவிட்டதா? குயிசலோபாப் அடிக்கலாம். புல்லுக்குள் கொழுப்பு உருவாவதை நிறுத்திவிடும். சில நாள் கழித்துக் குருத்தைப் பிடித்து இழுங்கள், அடி அழுகிக் கையோடு வரும். கடலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கோரைக்கும் ஒன்றும் ஆகாது! பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் அது வேறு இனம். கடைக்காரரிடம் களையைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டுவதே நல்லது.

அப்புறம், நெல்வயலில் 2,4-டி அடித்த ஸ்பிரேயரை நன்றாகக் கழுவாமல் கடலைக்குத் தூக்காதீர்கள். அகன்ற இலைச் செடிகளின் வளர்ச்சியையே தாறுமாறாக்கும் மருந்து அது; மிச்சம் பட்டாலே கடலை இலை முறுக்கிக்கொள்ளும்.